தறிச் சத்தத்தில் தூங்குகிறான், குக்கர் விசிலுக்கு அலறுகிறான்

கேள்வி: எங்களுக்குச் சோமனூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டை ஒட்டியே எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறோம். மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று போன வருஷம் சொன்னார்கள். தறிக்குடோனில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டு போகும் நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். அந்தச் சத்தத்திலேயே தூங்கியும் போவான். ஆனால் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். கரண்ட் போய்த் தறி நின்றாலும் அழுகை. "இத்தனை சத்தத்துல தூங்கறவனுக்குக் குக்கர் என்ன பண்ணுது? வேணும்னே பண்றான். புடிச்சு உக்கார வெச்சாத் தானாப் பழகிரும்" என்கிறார் மாமியார். வரும் தை மாசம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல் இருக்கிறது. போன தடவை முடி வெட்ட நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் யாரையும் கிட்டவே விடவில்லை. பால் வேண்டுமென்றால் "பால் வேணுமா கண்ணு?" என்று என்னையே கேட்கிறான். தயிர்சாதம், இட்லி, ஒரே ஒரு வகை பிஸ்கட் தவிர எதையும் தொடுவதில்லை. நான் செல்போன் கொடுத்ததால்தான் இப்படி ஆனதா? ஸ்டெம்செல் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்களே, போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செல்போனால் ஆட்டிசம் வராது. லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை விவரித்தது 1943-ல். அதன் பிறகு பல ஆண்டுகள் தாயின் வளர்ப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்பது நிலைநாட்டப்பட்டு வெகுகாலம் ஆகிறது. தடுப்பூசி மேல் பழி போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு இது. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல.

ஸ்டெம்செல் ஊசி வேண்டாம். ஆட்டிசத்தில் அது பலன் தருகிறது என்பதற்குத் தக்க சான்று கிடையாது. லட்சக்கணக்கில் செலவாகும், ஊசியாலும் மயக்க மருந்தாலும் வரும் ஆபத்தும் உண்டு. தறியை அடகு வைத்து அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

இனி உங்கள் மாமியார் கேட்டது. அது நியாயமான கேள்விதான். விடை சத்தத்தின் அளவில் இல்லை. அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

தறி நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை அடிக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்பது அவனுக்கு அத்துப்படி. காதில் விழுவதும், கண்ணெதிரே நாடா போய் வருவதும், தரையின் அதிர்வு காலில் ஏறுவதும் ஒரே கணக்கில் நடக்கின்றன. குக்கர் அப்படியா? சும்மா கிடக்கிறது, கிடக்கிறது, திடீரென்று வீலென்று கத்துகிறது. எப்போது கத்தும் என்று தெரியாது. எப்போது நிற்கும் என்றும் தெரியாது. மிக்ஸி, பைக்கின் ஏர்ஹாரன், பக்கத்து வீட்டு நாய், கோயில் மைக்செட் எல்லாம் இந்த வகைதான். கரண்ட் போய்த் தறி நிற்கும்போது அவன் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒழுங்கு சட்டென்று அறுந்துபோகிறது. அதுவரை தறிச் சத்தம் மூடி வைத்திருந்த மற்ற சத்தங்களெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. அதனால்தான் அமைதியான பொழுதில் அழுகிறான்.

"பழகிரும்" என்பது ஏன் நடப்பதில்லை? ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால், "இது ஆபத்தில்லை" என்று மூளை அதை ஒதுக்கிவிடுவது வழக்கம். மின்விசிறிச் சத்தம் கொஞ்ச நேரத்தில் நமக்குக் கேட்காமல் போவது அதனால்தான். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஒதுக்கல் மெதுவாக நடக்கிறது, சில சத்தங்களுக்கு நடப்பதே இல்லை. பத்தாவது விசிலும் முதல் விசிலின் கூர்மையோடுதான் அவனுக்குள் போகிறது. அந்த நேரத்தில் பிடித்து உட்கார வைத்தால், சமையலறைக்குப் போனால் வலிக்கும், ஓட முயன்றால் கைகள் வந்து அமுக்கும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். அவன் நடிக்கவில்லை. புலன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2013-லேயே மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் மற்ற எதையும் மாற்றுவதற்கு முன், அவனுக்கு வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று எல்லோரும் நம்ப வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவனுக்குத் தறிச் சத்தம் பிடிக்கிறது என்பதால் அது அவன் காதைக் கெடுக்காது என்று ஆகிவிடாது. தறிக்குடோன்களில் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கான எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம். நாடா தெறித்து அடிக்கிற ஆபத்தும் இருக்கிறது. அதனால் குடோனுக்கு உள்ளே வேண்டாம். கதவுக்கு வெளியே, முடிந்தால் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம், அவனுக்கென்று ஒரு பலகை போட்டுக் கொடுங்கள். காதை முழுக்க மூடுகிற, குழந்தைகள் அளவு காதுக்கவசம் வாங்குங்கள். பாட்டுக் கேட்கிற ஹெட்ஃபோன் இதற்கு உதவாது. நல்ல கவசம் 20 முதல் 25 டெசிபல் வரை குறைக்கும். கரண்ட் நிற்கும் நேரத்திலும் கோயிலிலும் அதுவே கைகொடுக்கும். நாள் முழுக்க மாட்டி வைக்க மட்டும் வேண்டாம். சாதாரணச் சத்தமே கேட்காமல் இருந்தால் காது இன்னும் கூச்சப்படும். அவன் கேட்புத்திறனை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதும் நல்லது. ஒத்துழைக்க முடியாத பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எடுக்கும் பெரா பரிசோதனை இருக்கிறது.

குக்கருக்கு வருவோம். முதல் இரண்டு வாரம், அவன் வீட்டில் இல்லாதபோதோ பின்கட்டில் வைத்தோ சமையுங்கள். பயம் அடங்கிய பிறகுதான் எதையும் கற்றுக்கொடுக்க முடியும். பிறகு விசிலுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். மூன்று விசில் என்றால் ஒரு தட்டில் மூன்று புளியங்கொட்டை. அவன் சமையலறையிலிருந்து தூரத்து அறையில், காதுக்கவசத்தோடு இருக்கட்டும். ஒவ்வொரு விசிலுக்கும் அவன் கையாலேயே ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடட்டும். தட்டு காலியானால் முடிந்தது. எத்தனை வரும், எப்போது தீரும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மிக்ஸியின் சுவிட்சை அவனையே போடச் சொல்லுங்கள், ஒரு நொடி போட்டு அணைத்தால் போதும். தானே எழுப்புகிற சத்தம் அவ்வளவு தைப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்களே, அதைக் காலண்டரில் ஒரு படம் ஒட்டிக் காட்டி, முந்தின நாளும் அன்று காலையும் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் சில நாள் வெடித்துவிடுவான். அடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைத்ததும் நிறுத்தும். நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும். புலன்கள் தாங்காமல் வெடிக்கிற பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. அப்போது பேச்சைக் குறையுங்கள். "என்ன கண்ணு, எங்க வலிக்குது, ஏன் அழுவறே" என்ற ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு சத்தம்தான். டியூப்லைட்டை அணைத்து, கூடி நிற்பவர்களை அனுப்பிவிட்டு, தலையைச் சுவரில் முட்டினால் நடுவில் தலையணை வையுங்கள். பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அடங்கிய பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் அவனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பிறகு ஒரு நோட்டில், வெடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் நடந்ததை எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன சத்தம், யார் வந்தார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டான், இரவு தூங்கினானா. இரண்டு வாரம் எழுதினால் எது காரணம் என்பது தெரிய வந்துவிடும்.

மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் வேண்டாம். இதில் நான் உறுதியாகவே சொல்கிறேன்.

முடி வெட்டுவதில் எது வலிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு, அவன் உடம்பிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். கழுத்தில் துணி இறுக்கமாகக் கட்டப்படுகிறது. பின்னாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கை தலையைத் தொடுகிறது. காதோரத்தில் டிரிம்மர் ரீங்காரமிடுகிறது, அதன் அதிர்வு மண்டையோட்டுக்குள்ளேயே கேட்கிறது. வெட்டிய முடி கழுத்தில் விழுந்து ஊசி ஊசியாகக் குத்துகிறது. குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கன்னத்தில் இறங்குகிறது. எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை. இதற்கு நடுவே நாலு பேர் கை காலைப் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று: இப்படிப்பட்ட பலருக்கு இலேசான தொடுதல்தான் தாங்காது, அழுத்தமான தொடுதல் இதமாக இருக்கும். அமெரிக்காவில் கால்நடை அறிவியல் பேராசிரியராக இருக்கும் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். மாடுகளுக்கு ஊசி போடும்போது அவற்றின் உடம்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற சட்டத்தில் அவை அடங்குவதைக் கவனித்து, இளம் வயதிலேயே தனக்கும் ஓர் அழுத்தும் இயந்திரத்தைச் செய்துகொண்டார். அதில் எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையிலேயே இருந்தது. அதுதான் முக்கியம். அவன் விரும்பி வாங்குகிற அழுத்தத்துக்கும் நாலு பேர் பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

தைக்கு முன் நாலு வாரம் கிடைத்தால் போதும். முதல் வாரம் தினமும் குளிப்பதற்கு முன் அவன் சம்மதத்தோடு தலையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, பத்து வரை எண்ணி விடுங்கள். அணைத்து வைத்த டிரிம்மரை அவன் கையில் கொடுத்து விளையாட விடுங்கள். இரண்டாம் வாரம் அதை ஓடவிட்டுத் தூரத்தில் வையுங்கள். பிறகு அவன் உள்ளங்கையில், பிறகு முழங்கையில். மூன்றாம் வாரம் தோள், பிடரி, காதோரம் கடைசியில்தான். ஒவ்வொரு தடவையும் ஐந்து எண்ணுவதோடு நிறுத்துங்கள். அவன் கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சொன்னால் நிற்கும் என்று ஒருமுறை நம்பிவிட்டால் அடுத்த முறை அதிக நேரம் விடுவான். ஏதாவது ஒரு படியில் அழுதால் முந்தின படிக்கே திரும்புங்கள். முடி இறக்கப்போகிறவரை நாலாம் வாரம் வீட்டுக்கே வரச் சொல்லி, வெறுமனே பக்கத்தில் உட்கார வையுங்கள். கோயில், அவர் முகம், தண்ணீர்க் கிண்ணம், மொட்டைத் தலை, சந்தனம் பூசிய தலை, திரும்பி வரும் கார் ஆகியவற்றை ஃபோட்டோ எடுத்து வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டித் தினமும் காட்டுங்கள்.

நாலு வாரத்தில் முடியவில்லையென்றால் பூமுடி கொடுங்கள். மூன்று கத்தரிப்பு சாமிக்குப் போனால் வேண்டுதல் நிறைவேறியதுதான். எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. மாமியாரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள், கோயிலில் வைத்து வேண்டாம்.

கோயிலுக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விடுங்கள். மொட்டை முடிகிற வரை ஜமாப்பு மேளமும் வெடியும் வேண்டாம் என்று பங்காளிகளிடம் முன்னமே சொல்லி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பிளாஸ்க்கில் எடுத்துச் செல்லுங்கள். துணி கட்டுவதற்குப் பதில், கழற்றி எறிந்துவிடக்கூடிய பழைய சட்டை போதும். அவனைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலையாக ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் பந்தியும் பரிமாறக் கூடாது, விருந்தாளியையும் கவனிக்கக் கூடாது. மரத்தடி நிழலில் காரை நிறுத்தி வையுங்கள், தாங்காதபோது அதுதான் அவன் அறை. கிடா விருந்து முடிகிற வரை அவன் இருக்க வேண்டியதில்லை.

காதுகுத்தைத் தள்ளிப் போடுங்கள். செய்தே ஆகவேண்டுமென்றால் இன்னொரு நாள், குழந்தை மருத்துவரைக் கேட்டு, மரப்புக் களிம்பு தடவி ஒரு மணி நேரம் கழித்துக் குத்தலாம். மாமன் மடியில் உட்காரும் முறை அன்றைக்கும் செய்யக்கூடியதே. ஆனால் ஆறுகிற வரை கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பானா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

"பால் வேணுமா கண்ணு?" என்று அவன் கேட்பது குழப்பத்தால் அல்ல. பால் கையில் வந்த ஒவ்வொரு முறையும் காதில் விழுந்த வாக்கியம் அதுதான். உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தோடு அதை முழுசாக எடுத்து வைத்திருக்கிறான், சரியான இடத்தில் சரியான காரியத்துக்குப் பயன்படுத்துகிறான். இது பேச்சுதான். "அப்படிச் சொல்லாதே" என்று திருத்த வேண்டாம். டம்ளரை நீட்டும்போது அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள்: "பால் வேணும்." கேள்வியாக இழுக்காமல், இரண்டே சொல்லில். அதைத் திருப்பிச் சொன்னால்தான் பால் என்று பிடித்து வைக்காதீர்கள். நீங்கள் ஏதாவது சொன்னால் மனத்துக்குள் பத்து எண்ணி முடிகிற வரை மறுபடி சொல்லாமல் காத்திருங்கள். ஐந்தாவது நொடியில் இன்னொரு முறை கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கண்ணைப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது கலைகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். படத்தைத் தொட்டுப் பேசும் ஆவாஸ் போன்ற செயலிகள் தமிழிலும் உண்டு. அவற்றைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

சாப்பாட்டிலும் கதை இதேதான். தயிர்சாதம் ஒவ்வொரு வாயும் ஒரே மாதிரி, இட்லியும் பிஸ்கட்டும் அப்படியே. நம் அரிசிம்பருப்புச் சாதத்தில் ஒரு வாயில் பருப்பு, ஒரு வாயில் வெங்காயம், ஒரு வாயில் மிளகாய், அடுத்ததில் கறிவேப்பிலை. அவனுக்கு அது ஒவ்வொரு கவளத்திலும் ஓர் அதிர்ச்சி. தயிர்சாதத்துக்குள் காய்கறியை மசித்து ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் தயிர்சாதத்தையும் விட்டுவிடுவான். புதியதைத் தனித் தட்டில், தின்னச் சொல்லாமல் பக்கத்தில் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நாக்கில் வைப்பது என்று படிப்படியாக வரும். பத்துப் பதினைந்து தடவை வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் போடும். இந்த மூன்று உணவோடு நிற்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பழமும் காயும் அறவே இல்லாமல் ஈறு வீங்கி, கால் வலித்து நடக்க மறுத்தால் அது வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியாக இருக்கலாம்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பரிசோதனையில் 40 கூற்றுகள் கொண்ட ஐசா என்ற அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். அப்போது அவனுடைய நல்ல நாளை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள். சாதாரண நாளைச் சொல்லுங்கள், நான் எழுதச் சொன்ன நோட்டையும் கொண்டு போங்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் ஆட்டிசத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பதை இந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆசிரியரிடம் மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பெல்லுக்குக் கீழே உட்கார வைக்க வேண்டாம், சுவர் ஓரத்தில் இடம் கொடுங்கள், பெல் அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவனிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வழக்கமில்லாத அழுகை, தூக்கமின்மை, தன்னையே கடிப்பது, கன்னத்தில் அடித்துக்கொள்வது என்று திடீரென ஒரு மாற்றம் வந்தால் அதை ஆட்டிசம் என்று விட்டுவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று இவனால் சொல்ல முடியாது. வலி உடம்பின் எந்த இடத்தில் என்பதே அவனுக்குத் தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள். தயிர்சாதத்தை மட்டும் தின்கிற பிள்ளைக்கு மலச்சிக்கல் நிச்சயம் சந்தேகிக்க வேண்டியது. சில நொடிகள் விழி நிலைகுத்தி, தொட்டாலும் கூப்பிட்டாலும் அசையாமல் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால் அதை மொபைலில் படம் பிடித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அதற்கு மருந்து இருக்கிறது.